நீர்க்கடுப்பு எல்லாமே சூடுதானா?

சிறுநீர் போகும்போது எரிகிறது என்று தமிழ்நாட்டில் ஓர் ஆண் யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "உடம்புச் சூடு". அம்மா சொல்வார், டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் சொல்வார், மருந்துக்கடைக்காரரும் சொல்வார். சித்திரை, வைகாசி என்றால் வெயில் சூடு. மார்கழி என்றால் பிரயாணச் சூடு, கோழிக்கறிச் சூடு, தூக்கம் விழித்த சூடு! வைத்தியமும் தயாராக இருக்கும். இளநீர், மோர், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், நன்னாரி சர்பத், தொப்புளில் விளக்கெண்ணெய், கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு. இரண்டு நாளில் சரியாகிவிட்டால் சந்தோஷம். சரியாகாவிட்டால் "இன்னும் சூடு இறங்கவில்லை" என்பார்களே தவிர, இது வேறு ஏதாவதாக இருக்குமோ என்று கேட்பவர்கள் குறைவு.

சூடு என்ற சொல்லைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் ஆண்களுக்கு வேறொரு வசதியும் செய்து கொடுக்கிறது. 'எனக்குச் சூடு' என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். 'எனக்கு அங்கே சீழ் வருகிறது' என்று சொல்ல முடியுமா? இந்த வசதியில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரே பெயருக்குள் ஏழெட்டு நோய்கள் ஒளிந்துகொள்கின்றன. சில, தண்ணீர் குடித்தாலே போய்விடும். சில, மனைவிக்கும் தொற்றும். சில, வெளியே தெரியாமல் சிறுநீரகத்தையே பழுதாக்கும்.

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்க்கலாம். வெயிலில் வேலை செய்பவருக்கு உடம்பின் நீர் வியர்வையாகப் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கொஞ்சம் நீரில்தான் சிறுநீரகம் கழிவு உப்புகளை எல்லாம் கரைத்து வெளியே தள்ள வேண்டும். சிறுநீர் அளவில் குறைந்து, அடர்மஞ்சளாகி, போகும்போது எரிகிறது. இதைச் சூடு என்றாலும், நீர் வறட்சி என்றாலும் பொருள் ஒன்றுதான். இளநீரும் மோரும் இங்கே வேலை செய்வதில் ஆச்சரியம் இல்லை. உள்ளே போவது தண்ணீரும் உப்பும்தானே. சுண்ணாம்புக்குக் கிடைக்கும் பெயரும் பெரும்பாலும் அந்த இளநீர் சம்பாதித்துக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் பாருங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்வது சுலபம். அதைக் கழிக்க இடம் எங்கே? "ஆம்பிளைக்கென்ன, எங்கே வேண்டுமானாலும் நின்று போய்விடலாம்" என்பது பாதிப் பொய். டிரிப் முடிகிற வரை பேருந்து ஓட்டுநர் இறங்க முடியாது. ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி இடத்தை விட்டு நகர முடியாது. சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞர் எந்தக் கட்டடத்தின் கழிப்பறைக்குள்ளும் சுலபமாக நுழைய முடியாது. இவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, தண்ணீரைக் குறைத்துக்கொள்வது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே குடிநீருக்கு ஒரு பிரிவும் கழிப்பிடத்துக்கு ஒரு பிரிவும் தனியாக எழுதி வைத்தது. ரோடுதான் வேலை செய்யும் இடம் என்றாகிவிட்டவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, வெயிலில் உழைப்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறனே குறைந்திருப்பதைக் காட்டியது. வெறும் எரிச்சலோடு முடிகிற சங்கதி இல்லை இது.

நீர் வறட்சியின் அடுத்த கட்டம் கல். அடர்த்தியான சிறுநீரில் கால்சியம் ஆக்சலேட்டும் யூரிக் அமிலமும் படிகமாகத் தங்கிக் கல்லாகின்றன. விலாவில் பிடித்து அடிவயிறு, விதைப்பை வரை இழுக்கும் வலி எல்லோருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், அந்தக் கல் கீழே இறங்கிச் சிறுநீர்ப்பையின் வாசலில் வந்து நிற்கும்போது பெரிய வலி இல்லாமல் போகலாம். அடிக்கடி சிறுநீர் வருவது, போகும்போது நுனியில் சுருக்கென்று குத்துவது, இவ்வளவுதான் இருக்கும். அதையும் சூடு என்றுதான் நினைப்பார்கள். 4 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியே வந்துவிடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த வாய்ப்பு குறைவு. ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதுதான் திரும்பவும் கல் வராமல் இருக்க நல்ல வழி. வாழைத்தண்டு சாறு குடிப்பவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும். ஆனால் கால்சியம் கல்லை அது கரைத்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. இளைஞர்கள் நடுவே ஓடும் 'பீர் வைத்தியம்' பற்றி என்ன சொல்வது? பீர் கல்லைக் கரைக்காது. கொஞ்ச நேரம் சிறுநீரை அதிகமாக்கிவிட்டு, பிறகு உடம்பை வற்ற வைக்கும். ஆனாலும் டாக்டர் சொன்ன தண்ணீரைக் குடிக்காதவர்கூட இந்த வைத்தியத்தை மட்டும் சரியாகக் கடைப்பிடிக்கிறார்!

இனி, சூடு என்ற சொல் உதவாத பக்கம். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்ணுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர். ஆணுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர். கிருமி உள்ளே ஏறிப் போக வேண்டிய தூரம் ஆணுக்கு அதிகம். அதனால்தான் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று சாதாரணமாக வருகிறது, 50 வயதுக்குக் கீழே உள்ள ஆண்களுக்கு அரிதாகத்தான் வருகிறது. இதிலிருந்து வரும் முடிவு முக்கியமானது. அரிதாக வருவது வந்துவிட்டது என்றால், வந்ததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கல்லா, அடைப்பா, சர்க்கரையா, புராஸ்டேட்டா, உடலுறவில் ஒட்டிய கிருமியா, அண்மையில் மருத்துவமனையில் போட்ட டியூபா என்று தேடிப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை அண்ணனுக்கும் கேட்கும் என்று நினைப்பது இங்கேதான் தவறாகிறது.

புராஸ்டேட் என்ற சுரப்பியின் பெயர் பல பேருக்கு 60 வயதில்தான் அறிமுகமாகிறது. பெரிய நெல்லிக்காய் அளவில், சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. 60-ஐத் தொட்ட ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் பெருத்திருக்கும். இரவில் நான்கு முறை எழுவது, முக்கினால்தான் வருவது, தாரை மெலிந்து சொட்டுச் சொட்டாக முடிவது எல்லாம் இதனால்தான். முழுதும் வெளியேறாமல் பைக்குள் தங்கும் சிறுநீரில் கிருமி வளர்கிறது, கல்லும் வளர்கிறது. அப்புறம் எரிச்சல். வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "வயசானா அப்படித்தான்." வயதானால் வருவது உண்மை, அதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் அந்த இடத்துத் தசையைத் தளர்த்திச் சில நாட்களிலேயே வித்தியாசம் காட்டும். பெரிதாக இருந்தால் வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே செய்யும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

அந்தச் சுரப்பியிலேயே கிருமி புகுந்துவிட்டால் கதை வேறு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கனமான வலி, உட்கார முடியாத நிலை. இது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோய். ஆன்டிபயாட்டிக் இரண்டு முதல் நான்கு வாரம் வரை தேவைப்படும். பெண்களுக்கு நன்றாக வேலை செய்யும் நைட்ரோஃபுரன்டாயின் என்ற மாத்திரை சிறுநீரில் சேருமே தவிர, புராஸ்டேட்டுக்குள் போதிய அளவு போகாது. மருந்துக்கடையில் நின்று தீர்மானிக்கக்கூடிய விஷயமா இது?

பால்வினை நோய் என்பதுதான் யாரும் பேச விரும்பாத பக்கம். தமிழில் இதற்குப் பெயர் இல்லாமல் இல்லை. வெட்டை என்றும் மேகவெட்டை என்றும் பழைய வைத்தியச் சுவடிகளிலிருந்தே இருக்கிறது. கொனோரியா என்றால், உறவுக்குப் பின் 2 முதல் 7 நாளுக்குள் கடும் எரிச்சலும் மஞ்சள் சீழும் வரும். கிளமிடியா கொஞ்சம் சாது. 1 முதல் 3 வாரம் கழித்து லேசான எரிச்சல், காலையில் நுனியில் ஒரு சொட்டுக் கலங்கிய நீர், அதோடு சரி. பல பேருக்கு அதுவும் இருக்காது. இரண்டும் ஒன்றாகவே இருப்பதும் உண்டு என்பதால்தான் இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுக்கிறார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த முறையில் இந்தச் சீழ் வடிதலுக்கு என்று சாம்பல் நிறத்தில் தனி மருந்துப் பெட்டியே உண்டு. சரியான மருந்து, சரியான அளவு, ஒரு வாரம். குணமாகிவிடும் நோய்.

குணமாகும் நோய்க்குத்தான் இவ்வளவு வெட்கமும் ஒளிவும். ஒளிக்கிறவர் எங்கே போகிறார்? 'ஒன்றாம் தேதி திருச்சி, இரண்டாம் தேதி மதுரை' என்று லாட்ஜ் லாட்ஜாக முகாம் போடும் 'பரம்பரை வைத்தியர்' விளம்பரத்தைப் பார்த்துப் போகிறார். அங்கே எரிச்சலுக்கும் பதில் உண்டு: "தாது வெளியேறுகிறது, நரம்பு தளர்ந்துவிட்டது." இந்தப் பயத்திலேயே நோயாளி ஆனவர்கள் ஏராளம். சிறுநீரில் விந்து போகிறது என்ற கவலையால் வரும் சோர்வுக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்தார். உடம்பில் ஒன்றும் இல்லாத பையனுக்கு ஆயிரக்கணக்கில் லேகியம் விற்கப்படுகிறது. உண்மையிலேயே கிருமி உள்ளவனுக்கும் அதே லேகியம்தான்.

இதில் அதிகம் இழப்பது அந்த ஆண் அல்ல. கொனோரியாவும் கிளமிடியாவும் பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டுவதில்லை. கணவர் எரிச்சல் என்று நான்கு மாத்திரை போட்டு அறிகுறி அடங்கிப் போயிருப்பார். மனைவியின் கருக்குழாயில் கிருமி சத்தமில்லாமல் புண் செய்துகொண்டிருக்கும். சில வருடங்கள் கழித்துக் 'குழந்தை இல்லை' என்று ஊரே அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்கும். கோயில், பரிகாரம், ஸ்கேன் எல்லாம் அவருக்குத்தான். இவரோ 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று உட்கார்ந்திருப்பார். இதைவிடப் பெரிய அநியாயம் இந்த விஷயத்தில் வேறு இல்லை. அதனால்தான் மருத்துவர்கள் ஆணுக்கு மட்டும் மருந்து கொடுப்பதில்லை. துணைக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், சிகிச்சை முடிந்து 7 நாள் வரை உறவு வேண்டாம் என்கிறார்கள். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால், அதையே மருத்துவரிடம் கேட்கலாம். இப்படித் தயங்கியவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனி நிறுவனம் உண்டு. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையங்கள் இருக்கின்றன. பணம் வாங்குவதில்லை, விவரத்தை வெளியே விடுவதும் இல்லை.

மருந்துக்கடை விஷயத்துக்கு வருவோம். "யூரின் எரியுது" என்றால் ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு வலி மாத்திரை, சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் சிரப் ஒன்று. மூன்று நாளைக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது. 2013-இல் அறிவித்து 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணை, சில முக்கிய மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கவும் சொல்கிறது. நடப்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று நாளில் எரிச்சல் குறையும், நான்காம் நாள் மாத்திரை நிற்கும். மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்தைத் தாங்கக் கற்றுக்கொண்டு திரும்பி வரும். சிறுநீர்த் தொற்றை அதிகம் உண்டாக்குவது இ.கோலி என்ற குடல் கிருமி. இந்திய மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இ.கோலியில் பெரும்பகுதி இப்போது சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசிவதில்லை என்று ஐ.சி.எம்.ஆர். ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கடையில் முதலில் கைக்கு வரும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று!

மருந்துக்கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டாக்டர் ஃபீஸ், டெஸ்ட் ஃபீஸ், ஒரு நாள் கூலி எல்லாம் கணக்குப் போட்டால் ஐம்பது ரூபாய் மாத்திரைதான் கட்டுப்படியாகும் என்று ஒரு கொத்தனார் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிறுநீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுக்கும் சாதாரண யூரின் டெஸ்ட் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. சீழ் அணு இருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று சொல்லிவிடும். கல்ச்சர் டெஸ்டுக்குக் கொடுத்தால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: முதல் மாத்திரை போடுவதற்கு முன்னால் பாட்டிலில் பிடிக்க வேண்டும். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி ஒளிந்துகொண்டு 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வரும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பால்வினை நோய்ச் சந்தேகம் என்றால் நேர்மாறாக முதலில் வருவதுதான் தேவை. இதை ஆய்வகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. தொற்று உறுதியானால், காய்ச்சல் இல்லாத ஆணுக்குப் பொதுவாக 7 நாள் மருந்து. நடுவில் எரிச்சல் நின்றாலும் முழுதும் முடிக்க வேண்டும்.

சர்க்கரை நோயைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் நுனித்தோலுக்கு அடியில் பூஞ்சை வளர்கிறது. தோல் சிவந்து, வெடித்து, பின்னால் தள்ள முடியாமல் இறுகுகிறது. அந்த வெடிப்பில் சிறுநீர் பட்டால் எரியாமல் என்ன செய்யும்? சர்க்கரை இருப்பதே தெரியாத பல பேருக்கு இதுதான் முதல் அறிகுறி. டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன. 2020-இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து இந்தியாவில் ஏராளமான பேர் சாப்பிடுகிறார்கள். நல்ல மருந்துதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்கூட. ஆனால் இந்தப் பூஞ்சைத் தொல்லை அதன் தெரிந்த பக்கவிளைவு. அதைத் தொடங்கிய பிறகு எரிச்சல் வந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். தினமும் தோலைப் பின்னால் தள்ளித் தண்ணீரில் கழுவித் துடைப்பதும், மேலே தடவும் பூஞ்சை மருந்தும் பெரும்பாலும் போதும்.

இன்னும் சில, எண்ணிக்கையில் குறைவு என்றாலும் மறக்கக் கூடாதவை. சீழ் அணு நிறைய இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளராமல், மாதக்கணக்கில் எரிச்சல் நீடித்தால் சிறுநீர்ப்பாதைக் காசநோயா என்று பார்க்க வேண்டும். புகை பிடிப்பவருக்கு, வலி இல்லாமல் ஒரே ஒரு முறை ரத்தம் போயிருந்தாலும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எப்போதோ வந்த வெட்டையோ, விபத்தில் பட்ட அடியோ குழாயில் தழும்பாகி, தாரை இரண்டாகப் பிரிந்து போவதும் உண்டு.

எல்லா டெஸ்டும் சரியாக இருந்தும் அடிவயிறும் நுனியும் எரிந்துகொண்டே இருப்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். இடுப்புத் தளத் தசைகளின் இறுக்கம், நரம்புகளின் கூடுதல் உணர்ச்சி என்று பல காரணம் சொல்லப்படுகிறது. புராஸ்டேட் அழற்சி என்று பெயர் பெறும் நோய்களில் பெரும்பகுதி, கிருமியே இல்லாத இந்த வகைதான். இவர்களுக்கு மாதம் ஒரு ஆன்டிபயாட்டிக் மாற்றிக்கொண்டே போவது பிரயோஜனம் இல்லாத வேலை. தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி, வலிக்கான மருந்துகள், மலச்சிக்கலைச் சரிசெய்வது, பயத்தைப் போக்கும் பேச்சு இவைதான் உதவுகின்றன. நேரம் எடுக்கும்.

அப்படியானால் எத்தனை நாள் இளநீரோடு காத்திருக்கலாம்? வெயிலில் அலைந்த ஒரு இளைஞருக்குக் காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, ரத்தம் இல்லை, புதிய உறவு எதுவும் இல்லை என்றால் நிறையத் தண்ணீர் குடித்து ஒன்றிரண்டு நாள் பார்க்கலாம். சிறுநீர் வெளுத்த பிறகும் எரிந்தால் அது சூடு இல்லை. குளிர் காய்ச்சல், விதை வீக்கம், விலா வலியோடு வாந்தி, சிறுநீர் அடியோடு நின்றுபோவது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஒரு குறை மருத்துவமனைகளின் பக்கமும் இருக்கிறது. நெரிசலான ஓ.பி.யில் டாக்டரின் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். பின்னால் வரிசை, பக்கத்தில் நர்ஸ், ஜன்னலோரம் இரண்டு பயிற்சி மாணவர்கள். "என்ன தொந்தரவு?" என்று சத்தமாகக் கேட்டால், சீழ் வருகிறது என்று எந்த ஆண் சொல்வான்? "சூடு சார்" என்பான். சிரப் எழுதி அனுப்பிவிடுவார்கள். ஒரு திரைச்சீலையும், "சமீபத்தில் உறவு ஏதாவது உண்டா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் ஒரு கேள்வியும் போதும். பாதிப் பேர் அங்கேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.